சுவை இழத்தலும் சுவை வெல்லுதலும்

சிவமயம்

உயிர்கள் அறிந்தும் செய்தும் நுகர்ந்தும் பக்குவம் எய்துதற்பொருட்டு இறைவன் தனு கரண புவன போகங்களைத் தந்தருளினான் என்பது நம் சித்தாந்தத்தின் முதற்பாடங்களுள் ஒன்று. இவற்றுள் கரணம் ஒன்று வாழ்நாளின் இடையிலே கெடுமாயின், அதனை உயிர்க்கு வந்த இழப்பென்று கொள்ளுவதா, பேறென்று கொள்ளுவதா? இவ்வினா ஏட்டளவில் எழுந்ததன்று. நோயினாலும் அந்நோய்க்குச் செய்த மருத்துவத்தினாலும் நாவின் சுவையுணர்வு அற்றுப்போன ஒருவனை நோக்கி, "பண்டிதரே, பெரியோர் பல்லாண்டு முயன்று பெறும் புலனடக்கத்தை நீர் ஆறு வாரத்திற் பெற்றுவிட்டீர், இதற்கு வருந்தலாமோ?" என்று மூத்த அன்பர் ஒருவர் கூறினார். அங்ஙனம் கூறப்பட்டவன் இதனை எழுதுகின்ற யானே. அவர் அன்பினாற் கூறினார் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவர் கூற்றுச் சித்தாந்தத்தோடு பொருந்துமா என்பது ஆராயத்தக்கது. என் மனவருத்தத்தையே பிரமாணமாகக் கொண்டு எழுதுகின்றேனோ என்னும் அச்சம் எனக்கு உண்டு. அன்பர்கள் அதனையும் நினைவிற்கொண்டு படிப்பார்களாக.

முதற்கண் நிகழ்ந்ததைச் சுருங்கக் கூறுவேன். திருமடத்திற் பயின்ற காலந்தொட்டு வெற்றிலைச்செல்லம் என்னை விட்டு நீங்கியதில்லை. பாடஞ் சொல்லும்பொழுதும் கன்னத்தில் தாம்பூலத்தை அடக்கிக்கொண்டே சொல்லுவேன். நாற்பது ஆண்டு கழிந்தபின் நாவின் ஓரத்தில் தோன்றிய ஆறாப்புண் புற்றுநோய் என்று துணியப்பட்டது. உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், புகையிலை சேர்ந்த தாம்பூலம் புற்றை விளைப்பதென்று 1985-ஆம் ஆண்டிலும், புகையிலை சேராத தாம்பூலமும் பாக்குமே அங்ஙனம் விளைப்பன என்று 2004-ஆம் ஆண்டிலும் வெளியிட்டுள்ளது. மங்கல நிகழ்ச்சிகளில் தாம்பூலம் வழங்கும் மரபை யான் இகழ்கின்றேனல்லேன். தட்டில் வைத்து வழங்குதல் வேறு, நாள்தோறும் பன்முறை மென்று கன்னத்தில் அடக்கிவைத்தல் வேறு. பின்னதை இளைஞர்கள் கைக்கொள்ளாதிருப்பார்களாக. என் நோய்க்கு முன்வினையைத் தேடிச் செல்லவேண்டுவதில்லை. இப்பிறப்பிலே யான் விரும்பிச் செய்த செயலே போதிய காரணமாக நிற்கின்றது. ஆயினும் இந்நோய் தாம்பூலத்தைத் தொடாதார்க்கும் வருதலின், பிறர் நோயைக் கண்டு அவர் வினையை எடைபோடுதல் அறமாகாது.

கதிர்வீச்சினால் நோய் நீக்கும் மருத்துவம் மிகப் பழையதன்று. ராண்ட்கன் என்னும் ஜெர்மானியப் பேரறிஞர் ஊடுகதிரைக் கண்டது 1895-இல். கியூரி தம்பதியர் ரேடியத்தைக் கண்டது 1898-இல். நம் சென்னையிலே 1934-ஆம் ஆண்டில் பர்னார்டு கதிரியல் நிலையம் அரசினர் பொது மருத்துவமனையில் தோன்றிற்று. உடன்பிறந்த தங்கையைப் புற்றுநோய்க்கு இழந்த டாக்டர் முத்துலட்சுமி அம்மையாரின் பெருமுயற்சியால் அடையாற்றுப் புற்றுநோய் நிலையம் 1954-இல் திறக்கப்பெற்றது. இத்தகைய பெரியோர் உழைப்பினாலேயே, முற்காலத்தில் மாய்ந்தே தீரவேண்டிய நோயாளர் பலர் இன்று உயிரோடிருக்கின்றனர். யானும் அவர்களுள் ஒருவன். ஆதலின், பின்னர் யான் கூறுவனவற்றை மருத்துவத்தின்மேற் சாட்டிய குறையாக ஒருவரும் கொள்ளற்க.

முகத்திற்கென்று வார்த்தெடுத்த வலைபோன்ற கவசத்தைப் பூட்டி, பலகையின்மேல் அசையாது கிடத்தி, நாளொன்றுக்குச் சில நிமிடங்கள் கதிரைச் செலுத்துவர். வாரத்திற்கு ஐந்து நாளாக ஆறு அல்லது ஏழு வாரம் இது நிகழும். ஒரு முறைக்கு 2 கிரே என்னும் அளவாக 30 முதல் 35 முறை செலுத்துதல் பெருவழக்கு. நாவிலுள்ள சுவைமொட்டுக்களின் அணுக்கள் ஏறக்குறையப் பத்து நாளில் மாய்ந்து, அவற்றின் இடத்திற் புதியன தோன்றும் இயல்பின. புற்றினை அழிக்கும் கதிர் இப்புதியன தோன்றுதலையும் தடுக்கின்றது. உமிழ்நீர்ச் சுரப்பிகளும் உடன் வறளுகின்றன; நீரிற் கரையாத பொருளை நா சுவைக்கமாட்டாது. ஆதலின் இரண்டாம் மூன்றாம் வாரத்திலேயே சுவை குறையத் தொடங்கி, மருத்துவம் முடியுங்காலத்துப் பெரிதும் அற்றுப்போகின்றது. பெரும்பான்மையோர்க்குச் சில திங்களில் மீளத்தொடங்கி ஓராண்டளவில் ஓரளவு திரும்பும். சிலர்க்கு முற்றும் திரும்புவதில்லை.

அந்நாட்களில் எனக்கு நேர்ந்த அனுபவம் ஒன்று சாத்திரம் பயில்வார்க்குப் பயன்படும். நம்மவர் சுவையை ஆறென்று வகுத்தனர். இன்றைய உடலியலாரோ, அவற்றுள் கார்ப்பும் துவர்ப்பும் சுவைமொட்டுக்களால் அறியப்படுவன அல்ல, எரித்தலும் பற்றிப்பிடித்தலுமாகிய ஊற்றுணர்வின்பாற்படுவன என்பர். இதனை என் நாவே எனக்கு மெய்ப்பித்தது. கோயிலிலிருந்து வந்த சர்க்கரைப்பொங்கல் வாயிற் களிமண்ணாய்க் கிடந்தது. மிளகுரசம் வெந்நீராயிற்று, ஆயின் மிளகின் எரிவு மாத்திரம் முன்னையினும் பன்மடங்கு பெருகி நாவைச் சுட்டது. மூக்குக் கெடாமையின் நெய்யும் ஏலமும் நன்றாக மணந்தன. கண் 'இது பொங்கல்' என்றது; மூக்கும் 'ஆம்' என்றது; நா ஒன்றும் கூறாது கிடந்தது.

இங்கே நிறுத்தி ஒன்றை வினவுவோம். கண்ணும் மூக்கும் சான்று கூற, நா மாத்திரம் கூறாதிருந்தது என்பதை அறிந்தது எது? கண் நாவின் மௌனத்தை அறியாது. அது நிறத்தையும் வடிவையும் அன்றிப் பிறிதறியாது. நாவும் தன் குறையைத் தான் அறியாது. ஐந்தனையும் ஒருங்குவைத்து, வந்தது இது, வாராதது இது என்று கணக்கெடுப்பது அவ்வைந்தின் வேறாகிய ஒன்றாதல் வேண்டும். பொறிகளே உயிர் என்பாரை மறுத்து மெய்கண்டதேவர் சிவஞானபோதத்தின் மூன்றாஞ் சூத்திரத்தில் நிறுவிய உண்மை இதுவே. முப்பது ஆண்டு இச்சூத்திரத்தை மாணாக்கர்க்கு விரித்துரைத்தேன். ஒரு கவளம் பொங்கலை வாயில் வைத்துக்கொண்டு விழித்த அன்றுதான் அதன் பொருள் எனக்குள்ளே இறங்கியது.

மற்றொன்றும் உண்டு. ஓரிரவு கனவிலே திருமடத்துப் பந்தியில் அமர்ந்திருந்தேன். இலையில் வார்த்த பருப்புப்பாயசம் பழைய இனிமை சிறிதுங் குறையாது இனித்தது. விழித்தெழுந்து நாவறட்சிக்குச் செம்பு நீரைப் பருகினேன். அது துருப்பிடித்த இரும்பைப்போலக் கைத்தது. பருவுடலும் அதன் நாவும் செயலற்றுக் கிடக்க, கனவிற் பாயசத்தை நுகர்ந்து, அக்கனவும் நீங்கியபின் 'இனித்தது' என்று நினைவுகூர்ந்தவன் ஒருவன் உளன். நனவுடம்பும் கனவுடம்பும் அவனுக்கு மாறிமாறி வரும் கருவிகள்.

"அற்றாயின், நீ நாவின் வேறென்று அறிந்தாயன்றோ? நாக் கெட்டதற்கு வருந்துவானேன்?" என்பாரும் உளர். இது பாதி உண்மை. உயிர் கருவியின் வேறென்று கூறிய நம் ஆசிரியரே, உயிர் கருவியின்றித் தானே அறியமாட்டாது என்றும் கூறினர். கண்ணுக்குக் காணும் ஆற்றல் உண்டெனினும் விளக்கின்றிக் காணாதவாறு போல, உயிர் அறிவுடையதெனினும் அறிவிக்கவே அறியும் இயல்பினது. கருவிகள் ஆணவ இருளிடையே உயிர்க்கு ஏற்றித் தந்த விளக்குகள். அவற்றுள் ஒன்று அணைந்தால் அப்பக்கத்தில் இருளே மிகும். அந்த இருளை ஞானம் என்று பெயரிட்டழைத்தல் பிழை. ஆதலின் சுவை இழத்தல் மெய்யாகவே இழப்பு. அதற்கு வருந்துதல் மயக்கமன்று, கொடுத்தவனுடைய கொடையைக் கொடையென்று அறிதலேயாம்.

இனி, அவ்விழப்பு வெற்றியாகாமையைத் தத்துவ முறையானும் காண்க. சுவையை அறியும் நாவிந்திரியம் ஆன்மதத்துவம் இருபத்துநான்கனுள் வைத்து எண்ணப்படும். 'இது வேண்டும்' என்னும் விழைவை எழுப்பும் அராகமோ அதற்கு மேலுள்ள வித்தியாதத்துவம் ஏழனுள் ஒன்று. கீழுள்ள கருவி கெட்டமையால் மேலுள்ள விழைவு கெடாது. வீட்டின் வாயிற்கதவை வெளியிலிருந்து ஒருவன் பூட்டிவிட்டால், உள்ளே இருப்பவன் துறவியாகிவிடுவானோ? வெளிச்செல்லும் வேட்கை அவனுக்கு முன்னையினும் மிகும். எனக்கும் அதுவே நேர்ந்தது. நா நன்றாயிருந்த நாளில் உணவைப்பற்றி ஒரு நாழிகையும் எண்ணாத யான், அது கெட்டபின் விடியல் முதல் உறங்குமளவும் உணவையே எண்ணினேன்.

இதற்குச் சான்றாக என் குற்றம் ஒன்றை மறையாது கூறுகின்றேன். ஒருநாள் குழம்பில் உப்பில்லை என்று சினந்தேன். என் மனையாள் மறுமொழி கூறாது உப்பிட்டாள். பின்னும் இல்லை என்றேன், பின்னும் இட்டாள். மூன்றாமுறையும் அங்ஙனமே ஆயிற்று. "இத்தனை ஆண்டு சமைத்தும் கை அளவறியாததோ?" என்று சொல்லத்தகாத சொல்லையும் சொன்னேன். மாலையிற் பள்ளியினின்று வந்த பெயரன் அக்குழம்பிற் பிசைந்த சோற்றை ஒரு கவளம் வாயிலிட்டு உமிழ்ந்துவிட்டான். அப்பொழுதுதான், நண்பகலில் அவளும் அதனையே உண்டிருந்தாள் என்பது தெரிந்தது. "எனக்கென்று தனியே எடுத்து வைத்தால், குற்றம் நாவினது என்று உங்களுக்குத் தெரிந்துவிடுமே" என்றாள்.

அன்பர்களே, நாவை வென்றவர் யார்? சுவையிழந்து கிடந்த யானோ? சுவை முழுதும் உடையவளாயிருந்தும் உண்ணத்தகாத குழம்பை உண்டு வாய்திறவாதிருந்த அவளோ? நாவென்னும் ஓருறுப்பிலே சுவையறியும் ஞானேந்திரியமும் சொல்லாடும் கன்மேந்திரியமும் உடனுறைகின்றன. எனக்கு முன்னது கெட்டது. பின்னது கடுஞ்சொற் கூறுதற்குச் சிறிதும் குறைவின்றி இருந்தது. அவள் இரண்டனையும் உடையவளாய் இரண்டனையும் அடக்கினாள். வெற்றி என்பது உள்ளதை ஆளுதல். இல்லாததை ஆளுதற்கு இடமேது?

அடியார் வரலாறும் இதனையே வலியுறுத்துகின்றது. எளியேன் வாழ்வது அம்பத்தூர்க்கும் ஆவடிக்கும் இடையிலுள்ள திருமுல்லைவாயிலில். திருவொற்றியூரிலே சங்கிலியார்க்கு உரைத்த சூளுறவு தவறி ஊரெல்லையைக் கடந்த நம்பியாரூரர் இரு கண்ணும் இழந்து, தட்டுத்தடுமாறி வந்து பதிகம் பாடிய தலம் இதுவே. இவ்வரலாற்றை ஏயர்கோன் கலிக்காமர் புராணத்துள் வைத்துரைத்த சேக்கிழார் பெருமானும் பூவிருந்தவல்லிக்கு அணித்தாகிய குன்றத்தூரிலே தோன்றியவர். அன்று சுந்தரர் என் செய்தார்? 'கட்புலனை வென்றேன்' என்று மகிழ்ந்தாரோ? இல்லை. தம் துயரைக் களையுமாறு இறைவனிடம் முறையிட்டார். பின்னர்த் திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் ஒன்றே பெற்று, அதனோடு அமையாது மேலும் நடந்து, காஞ்சியில் இடக்கண்ணும் திருவாரூரில் வலக்கண்ணும் பெற்றார். அப்பரடிகளும் சூலைநோயுற்றபொழுது திருவதிகையில் அந்நோயை நீக்கியருளுமாறே வேண்டினார். நோயை நோயென்று கூறி இறைவன்முன் அழுதல் பத்திக்கு இழுக்கன்று என்பதற்கு இவரினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இத்தலத்திறைவனாகிய மாசிலாமணியீசரும், தொண்டைமான் முல்லைக்கொடியை வெட்டிய வாள் திருமுடியிற் பட்ட தழும்பினை உடையவர் என்பது தலவரலாறு. அப்புண்ணுக்கு மருந்தாகவே ஆண்டு முழுதும் சந்தனக்காப்புச் சாத்தப்படுகின்றது. சித்திரைச் சதயத்தன்று பழைய காப்பைக் களைந்து புதியது சாத்துவர். புண்ணுக்கு மருந்திடுதலை ஆண்டவன் சந்நிதியிலேயே காண்கின்ற நாம், மருந்து வேண்டும் நோயாளனைப் பார்த்து 'நோய் நல்லதே' என்று கூறுதல் தகுமோ?

"கண்ணப்பர் தம் கண்ணையே இடந்து அப்பினாரே, காரைக்காலம்மையார் தம் ஊனுடம்பை உதறினாரே, கருவி நீங்குதலைப் புராணம் புகழ்கின்றதன்றோ?" எனின், புகழப்பட்டது கொடுத்தல், இழத்தல் அன்று. கண்ணப்பர் கண் பறிபோயிற்றில்லை, அன்பினாற் கொடுக்கப்பட்டது. அவர் கண்ணைக் கொடுக்குமுன் நாவையும் கொடுத்தார் என்பதனைப் பலர் நினைப்பதில்லை. ஊனைத் தம் நாவிற் சுவைத்துப் பார்த்து, நல்லதனை இறைவனுக்கு வைத்து, அல்லதனை ஒதுக்கினார். உண்டு களிக்கும் கருவியாகிய நா, அங்கே திருத்தொண்டின் கருவியாயிற்று. நா இருந்தமையினாலேயே அத்தொண்டு இயன்றது.

இதற்கு மறுதலையாக அம்மையாரின் கணவனாகிய பரமதத்தனைக் காண்க. அவன் நா பழுதற்றது. முதலில் உண்ட மாங்கனியினும் பின்னர் உண்டது வேறென்று அந்நாவே உண்மையைக் கண்டுபிடித்தது. இறைவன் தந்த கனியின் அமுதச் சுவையை அவன் நேரே நுகர்ந்தான். நுகர்ந்தும் என் பெற்றான்? அச்சமே பெற்று, மனைவியைத் தெய்வமென்று அஞ்சிக் கடல்கடந்து ஓடினான். நம் ஊர்களின் வழியே மேற்கே செல்லும் இருப்புப்பாதையிலே திருவள்ளூரைக் கடந்தால் வரும் திருவாலங்காட்டில், அம்மையாரோ ஆடலரசன் திருவடிக்கீழ் என்றும் பாடியிருக்கும் பேறு பெற்றார். ஆகவே நாவின் நலம் ஒன்றே ஞானமாகாது. நாவின் கேடு ஒன்றே ஞானமாகாது. கருவி கொடுத்தவனை நோக்கி உயிர் திரும்புகின்றதா என்பதே வினா.

இனி, சுவையற்றார் செய்யக்கடவது யாது? சுவையில்லாமையால் உண்ணாதிருந்து, அதனை உபவாசம் என்று கருதுவார் சிலர் உளர். பிரதோடத்திலும் சோமவாரத்திலும் நோற்கும் நோன்பு, உண்ணக்கூடியவன் சிவனை நினைந்து ஒரு பொழுது விடுதல். நோயாளன் உண்ணாமை உடம்பைத் தளர்த்தி மருத்துவத்தையும் பயனிலதாக்கும். உடம்பை முன்னர் இழிவாக எண்ணிப் பின்னர் அதனுள் இறைவனைக் கண்டு பேணத் தொடங்கிய திருமூலர் கருத்தே இங்கு வழிகாட்டி. குழைந்த சோறு, மோர், பயற்றங்கஞ்சி, பால், தயிர் என விழுங்கத்தக்கவற்றைச் சிறுகச்சிறுகப் பலமுறை உண்க. இடையிடையே நீர் பருகுக. உண்டபின் மருத்துவர் கூறியவாறு உப்புநீரால் வாய் கொப்பளிக்க. காரத்தையும் மிகு சூட்டையும் விலக்குக. பற்களைப் பேணுதலிலும் கருத்து வேண்டும், உமிழ்நீர் குறைந்த வாயிற் பற்கள் விரைந்து கெடுமாதலின். வாயால் உண்ணவே இயலாதார்க்குக் குழாய்வழி உணவு செலுத்துவர். அதற்கு நாணுதல் வேண்டா.

யான் கைக்கொண்ட முறை ஒன்றுண்டு. ஒவ்வொரு கவளத்தையும் ஐந்தெழுத்தை நினைந்து விழுங்கினேன். இன்பத்திற்காக உண்ணுதல் எனக்கு இல்லையாயிற்று; ஆகவே இவ்வுடம்பு அவனுடைமை, இதனைக் காத்தல் என்மேற் சுமத்திய பணி என்று உண்ணத் தொடங்கினேன். சில நாள் அது இயன்றது. பல நாள் இயன்றதில்லை. இயன்ற நாளில் மாத்திரம் சிறிது வெற்றி உண்டென்று கூறலாம். அதுவும் நாக் கெட்டதனால் வந்ததன்று. கெட்ட நாவோடும் செய்த பணியினால் அவன் தந்தது.

நோயுற்றாரைக் காணச் செல்லும் அன்பர்கட்கு ஒன்று விண்ணப்பிக்கின்றேன். தத்துவம் கூறுதற்கு விரையற்க. துறவு என்பது ஒருவர் தாமே ஏற்பது. பிறர் அவர்மேல் ஏற்றுவதன்று. எது விழுங்க எளிதாயிருக்கின்றது என்று கேளுங்கள். இளநீர் கொண்டு செல்லுங்கள். வாய் உலர்ந்து பாடமாட்டாதவர் அருகில் அமர்ந்து ஒரு பதிகம் மெல்லப் பாடுங்கள். வீட்டிற் சமைப்பார்க்கும் இரண்டு நல்ல சொற் சொல்லுங்கள். அவர் நோன்பு நோயாளன் நோன்பினும் பெரிது.

மருத்துவம் முடிந்து இப்பொழுது பதினொரு திங்கள் ஆயின. எட்டாந் திங்களில் ஒருநாட் காலை கஞ்சியை வாயில் வைத்தேன். "உப்பு இருக்கின்றது" என்றேன். குறை கூறுகின்றேன் என்றெண்ணி, "குறைத்துத்தானே போட்டேன்" என்றாள் மனையாள். "குறைவென்றும் மிகையென்றும் சொல்லவில்லை, இருக்கின்றது" என்றேன். அவள் கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு அடுக்களைக்குட் சென்றவள் நெடுநேரம் வெளிவரவில்லை. புளிப்பும் கைப்பும் பின்னர் ஓரளவு வந்தன. இனிப்பு இன்னும் வரவில்லை. சுந்தரர்க்குக் காஞ்சியில் ஒரு கண் வந்தாற்போல எனக்குப் பாதி நா வந்தது என்று சொல்லிக்கொள்ளுகின்றேன். அவர் அடியார்க்கும் அடியனாகேன் எனினும், அவர் நடந்த மண்ணில் வாழ்கின்ற உரிமைபற்றி.

அறுபது ஆண்டுக்கு மேலாக நாள்தோறும் உண்டேன். ஒவ்வொரு கவளத்திலும் சுவை வந்தது. அது தானே வருவதென்று இருந்தேன். கருவியைத் தந்து, பொருளைத் தந்து, இரண்டனையும் கூட்டி, உயிர் அறியுமாறு காட்டியும், உடனின்று கண்டும் வருகின்ற பேருபகாரி ஒருவன் ஒவ்வொரு கவளத்திலும் இருந்தான் என்பதை ஒரு துளி உப்பு மீண்டு வந்தபொழுது உணர்ந்தேன். சுவை போனது அருள் என்று யான் சொல்லமாட்டேன். சுவை இருந்தது அருள். அதனை அறியாதிருந்தது என் குறை. இனிப்பும் வருமாயின் மாசிலாமணியீசர் சந்நிதியில் பொங்கலிட்டு, முதற் கவளத்தை என் மனையாளுக்குக் கொடுத்தபின் யான் உண்பேன். வாராதாயினும் பொங்கல் உண்டு. அவள் உண்டு இனிக்கின்றது என்று சொல்ல, யான் கேட்டிருப்பேன்.

திருச்சிற்றம்பலம்